ஐரோப்பா ஸ்டடி டூர் முடிகிற நேரத்தில் என்ன எழுதுவது, எப்படி எழுதுவது: கட்டடக்கலை மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்டடி டூர் முடிந்ததும் பத்துப் பக்கம் எழுதித் தரச் சொல்வார்கள். சீனியர்கள் கொடுத்த பழைய ஃபைல்களைப் புரட்டிப் பார்த்தால் தெரியும், பெரும்பாலானவை ஒரே மாதிரிதான். முதலில் இந்த ஊர், அப்புறம் அந்த ஊர், தெரு சுத்தமாக இருந்தது, டிராம் சொன்ன நேரத்துக்கு வந்தது, கட்டடங்கள் பிரமிக்க வைத்தன, நம் ஊர் எப்போது இப்படி மாறுமோ. இதை எழுத அங்கே போயிருக்கவே வேண்டாம். வீட்டில் கடன் வாங்கி அனுப்பியவர்கள் எங்கள் பேட்சிலும் இருக்கிறார்கள். அந்தக் காசுக்கு இதைவிட நல்லதாக ஒன்று கையில் இருக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

எங்கள் வழி ஜெர்மனியின் பெர்லின், டெஸ்ஸாவ், பிறகு ஆஸ்திரியாவின் வியன்னா. 1920களில் சாதாரண உழைக்கும் மக்களுக்காகக் கட்டிய வீடுகள்தான் தலைப்பு. அதனால் கீழே வரும் உதாரணங்கள் எல்லாம் இந்த மூன்று ஊர்களில் இருந்துதான். நீங்கள் ரோம், ஃப்ளாரன்ஸ் பக்கம் போயிருந்தாலும் படிகள் மாறாது. சொல்ல வருவது ஒன்றுதான்: உங்கள் மனசில் ஏற்கனவே இருந்த ஒரு எண்ணம் எந்த இடத்தில், எதைப் பார்த்து மாறியது என்பதை ஆதாரத்தோடு எழுதுங்கள். மற்றதெல்லாம் பின்னிணைப்புக்குப் போகட்டும்.

படி 1: ஊர் திரும்புவதற்கு முன்பே உட்காருங்கள்

விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் அரை நாளாவது ஒன்றும் பார்க்காமல் காலியாக வையுங்கள். கடைசி நாளில் எல்லோரும் சாக்லேட்டும் ஃப்ரிட்ஜ் மேக்னட்டும் வாங்கக் கிளம்புவார்கள், அதைக் காலையிலேயே முடித்துவிடலாம். ஏன் அங்கேயே எழுதச் சொல்கிறேன் என்றால், எழுத ஆரம்பித்த பத்தாவது நிமிடத்தில் ஏதாவது ஒன்று விட்டுப்போனது தெரியவரும். படிக்கட்டு எத்தனை அகலம், அந்த முற்றத்தின் கேட் இரவில் பூட்டுவார்களா, துணி உலர்த்துவது எங்கே, இப்படி. அங்கே இருந்தால் மெட்ரோ ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஜூன் மாதம் என்றால் வியன்னாவில் இரவு ஒன்பது மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், சாயங்காலம் கிளம்பினால்கூடப் போதும். சென்னை வந்த பிறகு அந்தக் கேள்விக்கு இணையத்தில் கிடைக்கிற பதில் வேறு யாரோ பார்த்தது.

படி 2: எல்லாவற்றையும் பரப்பிப் போட்டுப் பாருங்கள்

ஸ்கெட்ச் புக், டிக்கெட்டுகள், மியூசியத்தில் கொடுத்த துண்டுப் பிரசுரங்கள், போன் கேலரி எல்லாம். போட்டோக்களைத் தேதி வாரியாகப் பார்க்காதீர்கள், அப்படிப் பார்த்தால் கட்டுரையும் டைரியாகவே வரும். எதைப் பற்றியது என்று பிரியுங்கள்: தண்ணீர், படிக்கட்டு, ஜன்னல், சமையலறை, வாசல், யாருடைய காசு. கடைசித் தலைப்புக்குப் பெரும்பாலும் போட்டோவே இருக்காது. அது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

இப்படிப் பிரித்தால் ஒரு பிரிவு மட்டும் தானாக வீங்கி நிற்கும். எங்கள் குரூப்பில் ஒருத்தி எங்கே போனாலும் கைப்பிடிகளையே வரைந்து வைத்திருந்தாள், இன்னொருவனிடம் முழுக்க முழுக்க மொட்டை மாடிகள். உங்கள் கண் எதைத் தேடிப் போயிருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். அங்கிருந்து தொடங்குங்கள்.

படி 3: கிளம்பும் முன் என்ன நினைத்திருந்தீர்கள் என்று எழுதுங்கள்

செமினாருக்குத் தயார் செய்த ஸ்லைடுகளை எடுத்துப் பாருங்கள். அதில் நீங்கள் அடித்துச் சொன்ன வாக்கியங்கள் இருக்கும். டெஸ்ஸாவில் இருந்த பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியைப் பற்றி வகுப்பில் யார் பேசினாலும் அதன் கட்டடத்தின் கண்ணாடிச் சுவர்தான் முதலில் வரும். வெளிச்சம், திறந்த தன்மை, புதிய யுகம் என்று. வியன்னா என்றால் மலிவான வாடகை. பெர்லின் என்றால் கட்டடக்கலைஞர் ப்ரூனோ டௌட் தன் குடியிருப்புகளுக்கு அடித்த வண்ணங்கள். இதையெல்லாம் ஒரு தாளில் இடது பக்கம் எழுதுங்கள். வலது பக்கம் நேரில் பார்த்தது. இரண்டும் ஒத்துப்போகிற வரிகளை அடித்துவிடலாம், அதற்கு விமான டிக்கெட் தேவைப்படவில்லை. முட்டிக்கொள்கிற வரிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ஸாவில் எனக்கு அப்படி இரண்டு கிடைத்தன. பள்ளியை நிறுவிய வால்டர் க்ரோப்பியஸ் வடிவமைத்த பௌஹவுஸ் கட்டடம் 1926 டிசம்பரில் திறக்கப்பட்டது. அந்தக் கண்ணாடிச் சுவருக்கு உள்ளே, வொர்க்‌ஷாப் பகுதியில் நின்று பார்த்தால்தான் தெரிகிறது, ஒரு வரிசை ஜன்னல்களை மொத்தமாகத் திறக்கச் சக்கரமும் சங்கிலியும் வைத்திருக்கிறார்கள். வெளியே இருந்து எடுத்த போட்டோவில் அது கண்ணுக்கே படாது. வெயில் காலத்தில் உள்ளே அனல், குளிர் காலத்தில் நடுக்கம் என்பது அந்தக் கண்ணாடியின் இன்னொரு பக்கம். அங்கே வேலை செய்தவர்களுக்கு அந்தச் சக்கரம் கண்ணாடியைவிட முக்கியமாக இருந்திருக்கும்.

இரண்டாவது, அதே ஊரின் டோர்ட்டன் குடியிருப்பு. 1926க்கும் 1928க்கும் நடுவில் க்ரோப்பியஸ் கட்டிய 314 வரிசை வீடுகள். பாகங்களைச் சைட்டிலேயே வார்த்து, கிரேன் ஓடுகிற பாதைக்கு ஏற்ப வரிசையாக நிறுத்தியது. ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் காய்கறி போடவும் கோழி, ஆடு வளர்க்கவும் இடம். புத்தகத்தில் ஒரே மாதிரியான வெள்ளை வரிசை. நேரில் போனால் அப்படி ஒரு வரிசையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஜன்னலை மாற்றியிருக்கிறார்கள், கதவை மாற்றியிருக்கிறார்கள், வெளிச்சுவருக்கு வேறு பூச்சு பூசியிருக்கிறார்கள். எங்கள் குரூப்பில் பாதிப் பேர் கெட்டுப்போய்விட்டது என்று வருத்தப்பட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் விரும்பி இருந்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? முட்டிக்கொள்கிற வரி என்று நான் சொல்வது இதைத்தான். அது கிடைத்துவிட்டால் கட்டுரையில் பாதி முடிந்த மாதிரி.

படி 4: ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு அதில் நில்லுங்கள்

பார்த்த எல்லா இடத்துக்கும் ஒரு பத்தி என்று பங்கு போடாதீர்கள். ஒரே இடத்துக்குப் பாதிக் கட்டுரையைக் கொடுங்கள். நான் எடுத்துக்கொண்டது வியன்னாவின் கார்ல்-மார்க்ஸ்-ஹோஃப்.

அதைப் பற்றி வழக்கமாக எழுதுவது இப்படி இருக்கும்: “கட்டடக்கலைஞர் கார்ல் ஏன் (Karl Ehn) வடிவமைத்த இந்தக் குடியிருப்பு 1930ல் திறக்கப்பட்டது. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. 1,382 வீடுகள். இதன் பிரம்மாண்டமான வளைவுகள் எங்களை வியக்க வைத்தன.” தகவல்கள் சரிதான். ஆனால் எழுதியவர் அங்கே போனாரா என்பதே இதிலிருந்து தெரியவில்லை.

இப்போது இதைப் பாருங்கள்: “யூ4 மெட்ரோவின் கடைசி நிறுத்தமான ஹைலிகென்ஸ்டாட்டில் இறங்கினால் எதிரிலேயே கட்டடம். வளைவுகளைக் கோட்டை வாசல் மாதிரி இருப்பதாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அங்கே நின்றுகொண்டிருந்த நேரம் முழுக்க, ஸ்டேஷனில் இருந்து வந்தவர்கள் பை தூக்கிக்கொண்டு, குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு, அந்த வளைவுக்குள் நுழைந்து பின்னால் இருக்கும் தெருவுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இவ்வளவு நீளக் கட்டடம் ஊரை இரண்டாக வெட்டியிருக்கும், அந்த வளைவுகள்தான் அதைத் திறந்து வைத்திருக்கின்றன.” இரண்டாவதில் வருடம்கூட இல்லை. ஆனால் வளைவு எதற்கு என்று புரிகிறது.

அதே இடத்தில் முற்றத்துக்குள் போய் உட்காருங்கள். மொத்த மனையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில்தான் கட்டடம், மிச்சமெல்லாம் மரமும் புல்லும் பாதையும். வீடுகள் சின்னவை. ஆனால் அதற்கு முன் வியன்னாவின் தொழிலாளர்கள் இருந்த வாடகைக் கட்டடங்களில் தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் பொது நடைவழியில் இருந்தன. இங்கே வீட்டுக்குள் குழாய், வீட்டுக்குள் கழிப்பறை. குளியலறை மட்டும் அன்றைக்கு வீட்டுக்குள் கிடையாது. அதற்குப் பொதுக் குளியல் கூடங்கள், துணி துவைக்கப் பெரிய பொதுச் சலவைக்கூடங்கள், கூடவே குழந்தைகள் பள்ளி, நூலகம். ஒரு பழைய சலவைக்கூடம் இப்போது சிவப்பு வியன்னாவைப் பற்றிய, அதாவது சமூக ஜனநாயகக் கட்சி நகராட்சியை நடத்திய 1919–1934 காலத்தைப் பற்றிய கண்காட்சியாக இருக்கிறது. வியன்னா போனால் அரண்மனையைக்கூட விட்டுவிடலாம், இதை விடாதீர்கள்.

படி 5: அளவை உடம்பில் எழுதுங்கள்

டேப் எடுத்துப் போவது அவசியம். அதோடு உங்கள் உடம்பும் ஒரு அளவுகோல்தான். உங்கள் முழங்கை எந்த உயரம், கை நீட்டினால் எவ்வளவு எட்டும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மியூசியங்களில் பல இடத்தில் டேப்பை நீட்ட விடமாட்டார்கள்.

வியன்னாவின் மாக் மியூசியத்தில் ஃப்ராங்க்ஃபர்ட் சமையலறையின் மறுஉருவாக்கம் இருக்கிறது. வியன்னாவில் பிறந்த மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி, ஃப்ராங்க்ஃபர்ட் நகரத்துக்காகப் புதிய குடியிருப்புகள் கட்டிய எர்ன்ஸ்ட் மேயின் குழுவில் வேலை செய்தபோது 1926ல் வடிவமைத்தது. சுமார் 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். பிளானில் பார்த்தால் ஒரு நடைவழி. நேரில் நின்று கையை விரித்தால் கிட்டத்தட்ட இரண்டு பக்கமும் எட்டிவிடும். ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து காய் நறுக்க மேஜை, உயரம் மாற்றக்கூடிய சுழல் ஸ்டூல், கழிவைத் தள்ளிவிட மேஜையிலேயே ஒரு தட்டு. அலுமினிய டப்பாக்கள் அஞ்சறைப் பெட்டியைச் சுவரில் மாட்டினது மாதிரி வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் பொருளின் பெயர், பிடித்துக் கொட்டக் கைப்பிடியும் மூக்கும். மாவு வைக்கிற இழுப்பறைக்கு மட்டும் ஓக் மரம், புழு வராது என்பதற்காக.

அங்கே நின்றபோது எனக்கு இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் தோன்றியது. ஒரு பெண்ணின் ஒவ்வொரு அடியையும் எண்ணி, அவள் களைத்துப் போகக் கூடாது என்று இவ்வளவு அக்கறையாக யோசித்திருக்கிறார்கள். அதே நேரம், அதற்குள் ஒருத்தி மட்டும்தான் நிற்க முடியும். இன்னொருவர் உதவிக்கு வந்தால் இடிக்கும். என் பாட்டி வீட்டுச் சமையலறையில் இரண்டு பேர் நின்று சமைக்க, ஒருவர் தரையில் அரிவாள்மனையோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். வேலை அதிகம், ஆனால் தனியாக இல்லை. இந்த இரண்டில் எது மேல் என்று கட்டுரையில் தீர்ப்பு சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை. இரண்டையும் அளவுகளோடு எழுதினாலே ஜூரியில், அதாவது ஆசிரியர்கள் வேலையை மதிப்பிடும் அமர்வில், அரை மணி நேரம் பேச விஷயம் இருக்கும்.

படி 6: காசும் அரசியலும் எங்கே என்று தேடுங்கள்

படி 2ல் போட்டோவே இல்லாத பிரிவு என்று சொன்னேனே, அது இதுதான். கட்டடக்கலை மாணவர்கள் அதிகம் விடுவதும் இதைத்தான், நாம் மேற்கூரையைப் பார்க்கிற நேரத்தில் பாதியைக்கூட ரசீதைப் பார்க்கக் கொடுப்பதில்லை.

வியன்னா நகராட்சி 1923ல் வீடு கட்டுவதற்கென்றே தனி வரி போட்டது. நிதிப் பொறுப்பில் இருந்தவர் ஹூகோ ப்ரைட்னர். பெரிய, ஆடம்பர வீடுகளுக்கு வரி மிக அதிகம், சின்ன வீடுகளுக்கு மிகக் குறைவு. அந்தக் காசில் கட்டிய கட்டடங்களின் நெற்றியில் ‘வியன்னா நகராட்சியால் இந்த ஆண்டுகளில் கட்டப்பட்டது’ என்று பெரிய சிவப்பு எழுத்தில் இன்றைக்கும் இருக்கும். 1919 முதல் 1934 வரை சுமார் 60,000 வீடுகள். 1934 பிப்ரவரியில் உள்நாட்டுச் சண்டை வந்தபோது கார்ல்-மார்க்ஸ்-ஹோஃப் மீது அரசாங்கமே பீரங்கியால் சுட்டது. பிறகு பெயரையும் எடுத்துவிட்டார்கள், போர் முடிந்த பின்தான் திரும்ப வந்தது. டெஸ்ஸாவிலும் இதே கதைதான்: நகர சபையில் நாஜிகள் பலம் பெற்றதும் 1932ல் பௌஹவுஸ் மூடப்பட்டது, பெர்லினுக்கு மாறிய பள்ளியும் 1933ல் முடிந்துபோனது.

பெர்லினின் ஹுஃப்ஐசன்ஸீட்லுங், குதிரை லாடம் வடிவில் ஒரு குளத்தைச் சுற்றி வளைந்து நிற்கிறதே, அதுவும் 1925ல் தொடங்கிய பொது நலக் குடியிருப்புதான். ப்ரூனோ டௌட்டும் மார்ட்டின் வாக்னரும் செய்தது. 2008ல் யுனெஸ்கோ பட்டியலிலும் வந்துவிட்டது. ஆனால் கட்டிய அமைப்பு 1990களின் கடைசியில் தனியார் கைக்குப் போய்விட்டது, வரிசை வீடுகள் தனித்தனியாக விற்கப்பட்டன. வியன்னா நகராட்சியிடமோ இன்றைக்கும் சுமார் 2,20,000 வீடுகள் சொந்தமாக இருக்கின்றன. இரண்டு ஊரிலும் கட்டடங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, கதவின் வண்ணம்கூட மீட்கப்பட்டிருக்கிறது. அதற்குள் யார் குடியிருக்க முடியும் என்பதுதான் வேறு வேறு. இந்த வித்தியாசம் கட்டடத்தின் முகப்பை வரைகிற எந்த எலிவேஷனிலும் தெரியாது, நீங்கள்தான் எழுத வேண்டும்.

படி 7: அங்கே குடியிருப்பவர்கள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் வழியாக உள்ளே போட்டோ எடுக்காதீர்கள், குழந்தைகளை எடுக்கவே எடுக்காதீர்கள். யாராவது பேசினால் படிக்கிற மாணவர் என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள், பெயரைக் கட்டுரையில் போட வேண்டாம். டோர்ட்டனில் ஒரு வயசான அம்மா தோட்டத்தில் இருந்தபடியே, இத்தனை வருஷமாகக் கேமராவோடு வருகிறவர்கள் எல்லோரும் முன்பக்கத்தை மட்டும்தான் எடுக்கிறார்கள், எனக்குப் பின்பக்கம்தான் பிடிக்கும் என்று சொன்னார். அதற்குப் பிறகு எல்லா இடத்திலும் நாங்கள் பின்பக்கமும் போனோம்.

படி 8: நம் ஊருக்கு எது வரும், எது வராது

இந்தப் பகுதியில்தான் எல்லோரும் உணர்ச்சிவசப்படுவார்கள். ‘நாமும் இப்படிக் கட்ட வேண்டும்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு முடித்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பாருங்கள்.

முதலில் வெயில். வியன்னா 48 டிகிரி வடக்கில் இருக்கிறது, டிசம்பர் நடுப்பகலிலும் சூரியன் அடிவானத்தில் இருந்து சுமார் 18 டிகிரிதான் ஏறும். அதனால்தான் முற்றத்தை அவ்வளவு அகலமாக விட்டார்கள், வெளிச்சத்தை உள்ளே இழுக்க. சென்னை 13 டிகிரியில். அதே டிசம்பரில் இங்கே 53 டிகிரிக்கு மேல், கோடையில் உச்சந்தலையில். நமக்கு வேண்டியது நிழலும் காற்றும். அந்த முற்றத்தின் அளவை அப்படியே கொண்டுவந்து பெரும்பாக்கத்தில் வைத்தால் மத்தியானம் யாரும் கால் வைக்க முடியாது.

அடுத்தது இடம். தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970ல் தொடங்கப்பட்டது, 2021ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. சென்னையின் நடுவில் ஆற்றோரத்தில் இருந்த குடும்பங்களை ஊரின் ஓரத்தில் தள்ளி இருக்கிற கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள், வேலையும் பள்ளியும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. கார்ல்-மார்க்ஸ்-ஹோஃபைப் பற்றி நான் கடைசியில் எழுதிய வரி வளைவைப் பற்றியோ முற்றத்தைப் பற்றியோ இல்லை, எதிரில் இருக்கிற ரயில் ஸ்டேஷனைப் பற்றித்தான். கிளம்பும்போது நான் வீட்டின் உள்ளளவுகளைத் தீசிஸாக எடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். இப்போது வீட்டிலிருந்து குழாய், சலவை, பள்ளி, பஸ் நிறுத்தம் வரைக்கும் எவ்வளவு தூரம் என்பதை எடுக்கப் போகிறேன். உங்களுக்கும் இப்படி ஒன்று மாறியிருக்கும், அதைத் தயங்காமல் ‘நான்’ என்று போட்டே எழுதுங்கள்.

படி 9: எழுதி, வெட்டி, கொடுப்பது

முதல் வரியிலேயே இடத்துக்குப் போய்விடுங்கள், ‘ஐரோப்பா பழமையும் புதுமையும் கலந்த கண்டம்’ என்ற வகை முன்னுரை வேண்டாம். எழுதி முடித்ததும் பிரம்மாண்டம், அற்புதம், கண்கொள்ளாக் காட்சி எங்கெல்லாம் வருகிறதோ அங்கே அதை எடுத்துவிட்டு என்ன பார்த்தீர்கள் என்று போடுங்கள், ஒன்றும் போட முடியவில்லை என்றால் அந்த வாக்கியத்தையே எடுத்துவிடுங்கள். வருடம், வீடுகளின் எண்ணிக்கை, வடிவமைத்தவர் பெயர் மூன்றையும் சைட்டில் இருக்கிற பலகையோடு ஒருமுறை சரிபாருங்கள். போட்டோக்கள் ஆறு ஏழு போதும். ஆனால் உங்கள் கையால் வரைந்த செக்ஷன் (கட்டடத்தை வெட்டிப் பார்க்கிற வரைபடம்) ஒன்று கட்டாயம் இருக்கட்டும், அதில் ஒரு மனித உருவமும் அளவுகளும் இருக்கட்டும். கோடு கோணலாக இருந்தாலும் அதைத் திரும்ப வரையாமல் அப்படியே ஸ்கேன் செய்யுங்கள், சைட்டில் நின்று வரைந்தது என்று பார்த்தவுடனே தெரியும்.

கொடுப்பதற்கு முன், பயணத்துக்கு வராத ஒரு ஜூனியரிடம் படிக்கக் கொடுங்கள். படித்துவிட்டு அவர் கேள்வி கேட்டால் கட்டுரை நன்றாக வந்திருக்கிறது, ‘சூப்பர்’ என்று மட்டும் சொன்னால் படி 3க்குத் திரும்பிப் போங்கள். அப்புறம் ஸ்கெட்ச் புக்கின் எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் எடுத்து டிபார்ட்மென்ட் லைப்ரரியில் ஒரு காப்பி வைத்துவிடுங்கள், அடுத்த பேட்ச் வழியைத் திட்டமிடும்போது முதலில் அதைத்தான் தேடுவார்கள்.